பாதியில் நிறுத்தினால்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, திரும்பிப் போகிறேன். என்ன மரியாதையான பொய் என்று ஜெனோவா திரையைப் பார்த்து நினைத்தாள். அந்த வரியை எழுதியவளே அவள்தான். போன ஆடிக்கு முந்தின ஆடியில், இதே நாற்காலியில், இதே ஆடும் கால் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில், கணினி தானாக ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு எதற்கு இவ்வளவு பணிவு என்று தனக்குள் சிரித்துக்கொண்டே எழுதினாள். எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. காலையிலேயே செத்துப்போய்விட்டது. செத்தது தன் பூட்டை எடுக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். தூத்துக்குடியின் இந்த மாடி அறையிலிருந்து கரையோரத்து வள்ளக்காரர்கள் அத்தனை பேர் போனுக்கும் காற்றும் அலையும் சொல்லிக்கொண்டிருக்கும் மையத்தின் மொத்த உயிரும் அந்த ஒரு ஸ்கிரிப்ட்தான். வானிலை அறிக்கை வந்ததும் எடுக்கும், தமிழாக்கும், ஊர் ஊராகப் பிரிக்கும், அனுப்பும். ஒரே நேரத்தில் இரண்டு தடவை ஓடி ஒரே செய்தியை இரட்டையாக அனுப்பிவிடக் கூடாதே என்று, தொடங்கும்போது ஒரு வெற்றுக் கோப்பைப் பூட்டுப்போலப் போட்டுக்கொள்ளும், முடிந்ததும் எடுத்துவிடும். முடிந்தால்தானே எடுக்கும்! காலையில் குழந்தைவேலு சார் அதை நடுவில் நிறுத்திவிட்டார். மத்தியானம் புது அறிக்கை வந்திருக்கிறது, ஸ்கிரிப்ட் தானாக எழுந்திருக்கிறது, பூட்டைப் பார்த்திருக்கிறது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமர்த்தாகத் திரும்பிப் போயிருக்கிறது. கச்சான் காற்று திடீரென வலுக்கும், கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்பவும். இதுதான் போகாமல் கிடந்த செய்தி. மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்து, வெயிலில் ஆட்டோ கிடைக்காமல் நடந்து, அவள் வந்து பார்த்தபோது ஊரே சாப்பிட்டுக் கை கழுவியிருந்தது. பூட்டைக் கையால் அழித்து, செய்தியை அனுப்பி, யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று வரிசையை இறக்கிக்கொண்டே வந்தாள். சேர்ந்தது, சேர்ந்தது, சேர்ந்தது. கஸ்பார், நிலுவை.

கஸ்பார் அவளுடைய ஒரே தம்பி. நிலுவை என்றால் போன் எட்டவில்லை என்று அர்த்தம், வேறு ஒன்றும் அர்த்தம் இல்லை. எட்டாத தூரத்தில் இருக்கிறான், வழிவலை போடப் போனால் எப்போதும் எட்டாத தூரத்துக்குத்தான் போவான், இதில் புதிதாக என்ன இருக்கிறது. இன்னும் சில பேருக்கும் நிலுவை என்றுதான் இருக்கிறது. அவள் திரையில் அந்த ஜன்னலைச் சிறிதாக்கி ஓரத்தில் தள்ளினாள், மறுபடி பெரிதாக்கினாள், மறுபடி தள்ளினாள். செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. சாயங்காலச் செய்தி போவதற்குள் ஸ்கிரிப்ட்டுக்கு ஒழுங்காகச் சாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். யாராவது விசைப்பலகையில் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் கணினி அந்த ஸ்கிரிப்ட்டின் தோளைத் தட்டி, நிறுத்து என்று ஒரு சமிக்ஞை கொடுக்கிறது. ஒன்றும் சொல்லி வைக்காத ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். முன்கூட்டியே ஒரு பொறி வைத்திருந்தால், ட்ராப் என்று ஒரே ஒரு வரி, தட்டியதும் அந்த வரி விழித்துக்கொண்டு, பாதி எழுதிய கோப்புகளை அழித்து, பூட்டை எடுத்து, அப்புறம் போகலாம். ஒரே ஒரு வரி. எழுதியிருக்கலாம். அன்றைக்கே எழுதியிருக்கலாம், அன்றைக்கு எழுத உட்கார்ந்தாள் என்றுகூட ஞாபகம் இருக்கிறது, விரல் விசையில் இருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள், யார் கூப்பிட்டார்கள், எதற்கு, ஒன்றும் ஞாபகம் இல்லை, கூப்பிட்டது மட்டும்தான் ஞாபகம். "ஏனுங்க ஜெனோவா." இதோ கூப்பிட்டாயிற்று. மையத்தின் இயக்குநர் குழந்தைவேலு சார் கதவுப் பக்கம் நின்றார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்று, நெல்லையும் மஞ்சளையும் விட்டுவிட்டு இந்தக் கரைக்கு வந்தவர். "எல்லாருக்கும் போயிருச்சுங்களா?" "போயிட்டு இருக்கு சார்." "நான் வந்துங்க, காலையில மேலிடத்துல இருந்து மையத்தப் பார்க்க வந்திருந்தாங்கள்ல, அவங்களுக்கு ஓட்டிக் காட்டலாம்னுதான்..." "தெரியும் சார்." "ஸ்கிரீன்ல ஒண்ணுமே நகரலைங்க. தொங்கிப்போச்சாட்ட இருக்குதுன்னு நினைச்சேன். தொங்கிப்போனா கண்ட்ரோல்-சி அடிங்கன்னு நீங்கதான் ஒருக்கா..." "தெரியும் சார்."

தெரியும், தெரியும், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், அதுதானே நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அவர் மேல் முழுசாகக் கோபப்பட முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும். ஒரு மனிதர் மீது கோபப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. திரையில் ஒன்றும் நகராதபடி எழுதியவள் யார், அமைதியாக வேலை செய்யட்டும் என்று, வளவளவென்று பேசும் ஸ்கிரிப்ட் அவளுக்குப் பிடிக்காது, எதுவும் பேசாமல் வேலை செய்கிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்கும். கஸ்பாரும் பேசமாட்டான். கடலுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளமாட்டான், மனைவி விமலியிடம்கூட. கல்யாணமான புதிதில் விமலி அழுதுகொண்டு வந்து, மைனி, ஒங்க தம்பி எந்திச்சுப் போனதே எனக்குத் தெரியல என்றபோது ஜெனோவா சிரித்தாள். இப்போது எதற்கு அது ஞாபகம் வர வேண்டும். அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். சுத்தம் செய்யும் பகுதியைத் தனியாக எழுதினாள்: தற்காலிக அடைவை அழி, பூட்டை அழி. சோதனைக்கு ஊர்களுக்கெல்லாம் வள்ளக்காரர்களின் எண்களுக்குப் பதில் தன் ஒரே எண்ணைக் கொடுத்து ஓடவிட்டாள். வேம்பார், அவள் போன் டிங் என்றது. தருவைக்குளம், டிங். கண்ட்ரோல்-சி அழுத்தினாள். சுத்தம் செய்கிறேன் என்று திரையில் வந்தது. பரவாயில்லையே என்று முதுகைச் சாய்த்தாள், அப்போது போன் டிங் என்றது. கஸ்பார் என்று பாய்ந்து எடுத்தாள். வெற்றுச் செய்தி. ஒரு எழுத்துகூட இல்லை. மறுபடி டிங், வெறுமை. டிங், வெறுமை. அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்து, பல்லைக் கடித்தாள். தட்டியதும் விழித்தது, சுத்தம் செய்தது, ஆனால் செத்துப் போ என்று அவள் எழுதவில்லையே, ஆகவே கையைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கிறது. செய்தி இருந்த கோப்பை அதுவே அழித்துவிட்டது, அழித்த கோப்பிலிருந்து எடுத்து எடுத்து ஊர் ஊராக வெறுமையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கடலில் ஒருத்தன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே எழுதாத ஒரு செய்தி. டிங்.

அவளும் அப்படித்தான் என்று தோன்றியது, தோன்றியதும் எரிச்சல் வந்தது, தன்னைப் பற்றி நினைக்கிற நேரமா இது. ஆனாலும் அப்படித்தான். கூப்பிட்டால் நிற்கிறாள், நின்று கூப்பிட்டவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டு வந்து, கையில் ஒன்றுமில்லாமல் விட்ட இடத்தில் தொடர்கிறாள். பத்தாவது படிக்கும்போது கணக்குப் புத்தகத்தை விரித்தால் அம்மா, ஏட்டி ஜெனோவா, தண்ணி வண்டி வந்துட்டு. பாலிடெக்னிக் கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போது மாமியாருக்கு மாத்திரை. ஒருநாளும் ஒன்றையும் நடுவில் நிறுத்தாமல் ஒரு தொடக்கத்திலிருந்து ஒரு முடிவுவரை செய்ததாக ஞாபகம் இல்லை. இந்த ஸ்கிரிப்ட்டைத் தவிர. இதைத்தான் ஒரு வாரம் யாரும் கூப்பிடாமல், சார் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம், கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். கடைசி வரிக்கு வந்தபோது யாரோ கூப்பிட்டுவிட்டார்கள், இதிலும் ஓட்டை. சுத்தம் செய்யும் பகுதியின் கடைசியில் வெளியேறு என்று சேர்த்தாள். ஓடவிட்டாள். டிங், டிங், அழுத்தினாள், சுத்தம் செய்கிறேன். அப்புறம் இன்னொரு தடவை சுத்தம் செய்கிறேன். இரண்டு தடவையா? ஆமாம், அந்த ஒரே வரியில் தட்டியதற்கு ஒரு பொறி, வெளியேறுவதற்கு ஒரு பொறி என்று இரண்டு வைத்திருந்தாள், இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, முதல் பொறி வெளியேறு என்றதும் இரண்டாவது பொறி எழுந்து, இல்லாத கோப்பை அழிக்கப் போய், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று புலம்புகிறது. அவளுக்கு அழுகை வந்தது. இதற்கா அழுகை! ஒரு வரியை இங்கிருந்து அங்கே நகர்த்தினால் சரியாகிவிடும். நகர்த்தினாள். போன் அடித்தது. டிங் இல்லை, மணி. விமலி.

"மைனி, அவிய போன் எடுக்க மாட்டேங்காவ." "டவர் இருக்காது விமலி. உள்ள போயிருப்பான்." "காத்து இங்க சாத்துசாத்துன்னு சாத்துது மைனி. கொடியில கெடந்த துணியெல்லாம் பறந்து போயி ரோட்டுல கெடக்கு. எப்பவும் ஒங்க ஆபீஸ்லருந்து ஒண்ணு வருமே, இன்னைக்கு நேரத்துக்கு அதும் வரலயேன்னு எதுத்த வீட்டு அக்கா கேக்காவ." ஜெனோவாவுக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது. அதற்குள் வாயில் வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற வாக்கியமும் அதில் ஒன்றாக நின்றது. "வந்துட்டு விமலி. கொஞ்சம் பிந்திட்டு. இப்பப் போட்டிருக்கோம்." "பிந்திட்டா?" "ம்." "அவியளுக்குப் போயிருக்குமா?" நிலுவை. "போயிரும்" என்றாள். போயிரும் என்பது பொய்யில்லை. எட்டும்போது போய்விடும். விமலி போனை வைக்காமல் இருந்தாள், அவள் பக்கம் தகரக் கூரை ஒன்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, பிள்ளை ஏதோ கேட்டது, விமலி அதற்குப் பதில் சொல்லாமல், சரி மைனி, வந்தா கூப்பிடச் சொல்லுதேன் என்று வைத்தாள். வந்தால். ஜெனோவா ஜன்னலைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் ஒரு முழம் கடல் தெரியும். கச்சான் அடிக்கும்போது கரையில் நின்று பார்த்தால் கடல் அமைதியாகத்தான் இருக்கும், அதுதான் அதன் கள்ளத்தனம். காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது, கரையோரத் தண்ணீரை ஒன்றும் செய்யாது, உள்ளே போகப் போகத்தான் எழும்பும், வள்ளத்தை இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று தள்ளும். திரும்பி வருகிறவன் முகத்தில் அடி வாங்கிக்கொண்டேதான் வரவேண்டும். இன்ஜின் நின்றுவிட்டால். நிற்காது. போன மாதம்தான் சரிபார்த்தான். நின்றுவிட்டால்.

பிடிக்க முடியாத சமிக்ஞை ஒன்று இருக்கிறது. கண்ட்ரோல்-சி தோளைத் தட்டும், அதைப் பொறி வைத்துப் பிடிக்கலாம். இயந்திரத்தை அணைக்கும்போது வருவது தயவுசெய்து முடித்துக்கொள் என்று கேட்கும், அதையும் பிடிக்கலாம், கொஞ்சம் அவகாசம்கூடத் தருவார்கள். ஒன்பதாம் எண் ஒன்று உண்டு, அது ஸ்கிரிப்ட்டிடம் வராது, ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியவே தெரியாது, இருந்தது இல்லாமல் போகும், எந்தப் பொறியும் விழிக்காது, பூட்டு பூட்டாகவே கிடக்கும். மின்சாரம் போனாலும் அதேதான். அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக முகம் மழித்துக்கொண்டிருந்தார், வலது பக்கம் முடித்துவிட்டு இடது பக்கம் சோப்பு நுரை போட்டிருந்தார், கண்ணாடி சுவரில் இருந்தது, கத்தி வாளியில் விழுந்தது. ஆட்கள் வந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அம்மா மட்டும் எழுந்துபோய், வாளியில் கைவிட்டுத் துழாவி, அந்தக் கத்தியை எடுத்து வந்து, காய்ந்துபோயிருந்த நுரையின் மேல் தண்ணீர் தடவி, இடது பக்கத்தை மழித்து முடித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கஸ்பார் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தான், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வெட்டுகூட விழவில்லை. போகிறவர் சுத்தம் செய்ய முடியாதபோது பிறகு வருகிறவர் செய்ய வேண்டியதுதான். அதைக்கூட எழுதிவிடலாம். அடுத்துத் தொடங்கும் ஸ்கிரிப்ட் பூட்டைப் பார்த்ததும் நம்பிவிடக் கூடாது. பூட்டுக்குள் அதைப் போட்டவரின் எண்ணை, ஓடும் ஒவ்வொன்றுக்கும் கணினி தரும் எண்ணை, எழுதி வைத்திருந்தால், அந்த எண்ணில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். இருந்தால் திரும்பிப் போகலாம். இல்லையென்றால் பூட்டை உடைத்துவிட்டு வேலையைத் தொடங்கு. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது, ஒன்றும் செய்யாத சமிக்ஞை, பூஜ்யம், சும்மா தொட்டுப் பார்ப்பது. அவள் கஸ்பாரின் எண்ணை அழுத்தினாள். நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது. வைத்தாள். மறுபடி அழுத்தினாள். நீங்கள் தொடர்புகொள்ளும்.

"டீ கொண்டாந்தேனுங்க." குழந்தைவேலு சார் தானே போய் வாங்கி வந்திருந்தார், கோப்பையின் மேல் காகிதத்தை மூடி, அதுவும் நழுவி, கை விரலெல்லாம் டீ. மேசையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் விசைப்பலகையை நகர்த்தவில்லை. "எப்படிங்க போயிட்டிருக்குது?" "சார், எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க." "சரிங்க, சரிங்க. இல்லீங்க, நான் என்ன நினைச்சேன்னா, அந்தக் கண்ட்ரோல்-சியவே வேலை செய்யாம பண்ணிப்போட்டா என்னங்க? யாரு அழுத்துனாலும் நிக்காம?" அப்படியும் செய்யலாம். ஒரே வரிதான் அதுவும், காதில் பஞ்சு வைப்பது போல. அப்புறம் நிஜமாகவே தொங்கிப்போய், தப்பான செய்தி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும்போது எதை அழுத்துவீர்கள் சார், ஒன்பதாம் எண்ணையா. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு. "சார், என் தம்பி கடலுக்குள்ள இருக்கான்." குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. சார் கோப்பையைப் பிடித்தபடி நின்றார். "எனக்கு... நீங்க சொல்லலீங்களே." "சொன்னா என்ன செய்வீங்க?" அவர் டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பூனைபோல வெளியே போனார். போன பிறகு அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது. திட்டியும் தீரவில்லை. அந்த வாடிய முதுகு வேறு கண்ணிலேயே நின்றது. டீ ஆறியது. காற்றில் ஜன்னல் கதவு மெல்ல வந்து கோப்பையை இடித்தது, இடித்து நின்றது, மறுபடி விலகியது. எடுத்து வைக்க எழ வேண்டும். எழவில்லை.

இப்போது திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்துகொண்டாள். ஒன்றில் ஸ்கிரிப்ட் ஓடட்டும், அது ஓடும்போதே இன்னொன்றில் அதையே இரண்டாவது தடவை தொடங்கிப் பார்க்க வேண்டும், பூட்டைப் பார்த்துத் திரும்புகிறதா என்று. முதலாவது ஓடியது. இரண்டாவதைத் தொடங்கினாள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, திரும்பிப் போகிறேன். இந்தத் தடவை பொய்யில்லை, சமர்த்து. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை தொடங்கினாள். அது திரும்பிப் போகவில்லை. அனுப்பத் தொடங்கிவிட்டது. இரண்டு ஜன்னலிலும் ஓடுகிறது, டிங் டிங், டிங் டிங், எல்லாம் இரட்டை இரட்டையாக. பூட்டு எங்கே? பூட்டைக் காணவில்லை. யார் எடுத்தது? அவள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு வரி வரியாக மேலிருந்து வாசித்தாள், வாசிக்கும்போதே கண் ஓரத்துக்குப் போனது, நிலுவை, திரும்பி வந்தது, எந்த வரியில் விட்டோம், மறுபடி மேலிருந்து. நிலுவை. மேலிருந்து. பொறி முதல் வரியில் இருக்கிறது. பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது அதற்குப் பிறகு. பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறவன் வெளியேறுகிறான், வெளியேறும்போது பொறி விழிக்கிறது, விழித்ததும் சுத்தம் செய்கிறது, சுத்தம் என்றால் பூட்டை அழிப்பது. உள்ளே வராதவன், வாசலோடு திரும்பியவன், அடுத்தவன் போட்ட பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகிறான். உன்னுடையது இல்லாததை நீ ஏன் தொடுகிறாய் என்று அவள் வாய்விட்டே கேட்டாள். பொறியைக் கீழே இறக்கினாள். பூட்டு கைக்கு வந்த பிறகு, அதற்கு அடுத்த வரியில். தன்னுடையது என்று ஆன பிறகுதான் தான் அழிக்கலாம். பிறகு எல்லாவற்றையும் மறுபடி சோதித்தாள். அழுத்தினால் நிற்கிறது, ஒரு தடவைதான் சுத்தம் செய்கிறது, வெறுமை போகவில்லை, பூட்டு இல்லை. முடித்துக்கொள் என்று கேட்டாலும் அப்படியே. ஒன்பதாம் எண்ணால் அடித்தாள், பூட்டு கிடந்தது, மறுபடி தொடங்கினாள், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டது, பதில் இல்லை, பூட்டை உடைத்துக்கொண்டு ஓடியது. எல்லாம் சரி. வருஷக்கணக்காகக் கிடந்த வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். இவ்வளவுதானா என்ற ஒரு அலுப்புதான் வந்தது. மூன்று நான்கு வரிகள். காலையில் இந்த மூன்று நான்கு வரிகள் இருந்திருந்தால். அந்த வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினாள், நிறுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஓரத்து ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினாள். சேர்ந்தது, சேர்ந்தது. கஸ்பார், சேர்ந்தது. கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். போன் அடித்தது.

"எக்கா." காற்றும் ஆட்கள் பேசுவதும் யாரோ கயிற்றை இழுத்துக் கத்துவதும் சேர்ந்து கேட்டது. "எக்கா, கேக்கா? கரைக்கு வந்துட்டோம்." அவள் ம் என்றாள், ம் என்பதுகூடச் சரியாக வரவில்லை. "எத்தன தடவ அடிச்சிருக்க நீ, ஒனக்கு வேற சோலி இல்லியா? விமலிக்கும் பேசிட்டேன்." "ஒனக்கு ஒண்ணும் இல்லியே?" "எனக்கென்ன. கூட வந்த இந்தோணிக்குக் கையில கயிறு அறுத்துட்டு, வேற ஒண்ணுமில்ல. வலைதான் போச்சு." "வலையா?" "அறுத்து விட்டுட்டு வந்துட்டோம்க்கா. காத்து ஏறுன வேகத்துக்கு வலைய வலிச்சு ஏத்த முடியல. வள்ளம் தண்ணி ஏறுது. வலையப் பாக்கவா, ஆளப் பாக்கவா. கத்திய எடுத்து ஒரே இழு." கஸ்பார் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "அமளியெல்லாம் முடிஞ்சு வெளித்துறைமுகம் தெரியும்போது ஒன் மெசேஜ் டிங்குன்னு வருது, கச்சான் வலுக்கும் கரை திரும்பவும்னு. வாயில நல்லா வந்துச்சு எனக்கு. மத்தியானமே வந்திருந்தா நாங்க அப்ப கொஞ்ச தூரந்தான் உள்ள போயிருந்தோம், டவர் இருந்துச்சு. வலைய ஒழுங்கா வலிச்சு ஏத்திட்டு வந்திருக்கலாம்லா. ஏன்க்கா பிந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். ஸ்கிரிப்ட், பூட்டு, சமிக்ஞை, தொங்கிப்போனது, பார்க்க வந்தவர்கள், பெற்றோர் கூட்டம், எது முதலில். எதிலிருந்து தொடங்கினாலும் அது வேறு யார் மேலோ போய் முடிந்தது, எதிலிருந்து தொடங்கினாலும் தன் மேலும் வந்து முடிந்தது. "எக்கா?" "நிப்பாட்டிட்டாங்கடா" என்றாள். "காலையில. நடுவுல நிப்பாட்டிட்டாங்க. அதனால மத்தியானம் போகல." "யாரு நிப்பாட்டுனது?" போனைப் பிடித்திருந்த கையின் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. குழந்தைவேலு சார் எப்போது உள்ளே வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. விரலில் டீக் கறை இன்னும் இருந்தது. கேட்காமல் கேட்டது அந்தக் கை. அவள் கொடுத்தாள், ஏன் கொடுத்தாள் என்று தெரியாமல். "தம்பிங்களா? நான் குழந்தைவேலுங்க, மையத்துல இயக்குநருங்க. அக்காகிட்ட எதுவும் கேக்காதீங்க. காலையில நாந்தானுங்க நிறுத்திப்போட்டேன். ஓடுறது தெரியாம நிறுத்திப்போட்டேனுங்க." அவளுக்குள் மத்தியானம் முழுக்கக் குமைந்துகொண்டிருந்த கோபம் பிடி கிடைக்காமல் தடுமாறியது. எத்தனை விதமாக அதை அவர் முகத்தில் எறிவது என்று உள்ளுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள், இந்த மனிதர் அதைத் தானே எடுத்துக் கஸ்பாரிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் என்ன பேசுகிறான் என்று அவளுக்குக் கேட்கவில்லை, நீளமாகப் பேசுகிறான் என்று மட்டும் தெரிந்தது. "ஆமாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதும் சரித்தானுங்க" என்றார். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார், "எங்கீங்க? நானுங்களா?" என்றார், "சரிங்க" என்றார், போனைத் துடைத்து அவளிடம் கொடுத்தார். வைத்தாகிவிட்டிருந்தது.

"என்ன சொன்னான் சார்? திட்டுனானா?" "திட்டுனாருங்க. நல்லாவே திட்டுனாரு." அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்புறம் நாளைக்குக் காத்து அமந்ததும் வலையத் தேடப் போறாராமுங்க. எந்தப் பக்கம் ஒதுங்கிருக்கும்னு ஒரு கணக்கு வச்சிருக்காராம். தேடறதுக்கு ரெண்டு கண்ணு கூட இருந்தா நல்லதுன்னாரு. என்னைய வரச் சொல்றாருங்க." ஜெனோவா அவரைப் பார்த்தாள். இந்தக் கரைக்கு வந்ததிலிருந்து கடலை மாடி ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தவர் அவர். "நீங்க என்ன சொன்னீங்க?" "வர்றேன்னு சொல்லிப்போட்டேன்." தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார், மூடினார். வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க ஜெனோவா, வள்ளத்துல பிடிச்சுக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குமுங்களா?"

"இருக்காது சார்" என்றாள். "பக்கத்துல இருக்கிற ஆளத்தான் பிடிச்சுக்கிடணும்."